எந்தத் தெரு மண்ணாங்கட்டி?

என் புருஷனுக்குப் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று காலை அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் அவர் குரல் போனது.

“வாங்கம்மா வாங்க! பாதி விலைக்கு மெத்தை, பாதி விலைக்குத் தலகாணி! இன்னிக்கு வுட்டா நாளைக்கு இல்ல!”

சேசு மரி சூசை! கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. அவரைப் பார்த்தேன். வாயில் கூழ் இருந்தது. குரல் மட்டும் ஆட்டோவில் ஏறித் தெருமுனை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்து வாசல்வரை போனார், ஓசை அடங்கும்வரை நின்றார், திரும்பி வந்து மிச்சக் கூழைக் குடித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சூசைமுத்து என்று திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரில் சாவு விழுந்தால் ஆட்டோவில் மைக் கட்டிச் சேதி சொல்லிக்கொண்டு போவார்களே, அந்தக் குரல் என் புருஷனுடையது. அவர் அதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. ஜவுளிக்கடைக்காரன் வந்து கேட்டிருக்கிறான், கட்சிக்காரர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். “சாவு சொல்ற வாய்ல சரக்கு விக்கக் கூடாது” என்று அனுப்பிவிடுவார்.

சேதி சொல்வதற்கும் அவருக்கு ஒரு முறை உண்டு. போனில் சொன்னால் போதாது. சாவு வீட்டுக்கே போவார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இறந்தவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து, யார் மகன், எந்தத் தெரு, பெண் எடுத்த ஊர் எது, பெண் கொடுத்த ஊர் எது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அழுதுகொண்டிருக்கிறவர்களுக்குச் சில சமயம் எரிச்சல்கூட வரும். கேட்டு முடித்த பிறகுதான் ஜெகதீசன் கடைக்குப் போய் அதைப் பேசிப் பதிவு செய்வார். கடைசியில் “சொல்வது சூசைமுத்து” என்று முடிப்பார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் ஒலக்கூரிலிருந்து மயிலம் வரைக்கும் ஜனங்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அவர் சொன்னால் செத்தது செத்ததுதான். நாங்கள் சம்பாதித்தது அந்த ஒரு பேரைத்தான்.

அப்புறம் தொண்டையில் புற்று வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளையும் அதன்மேல் நான் தைத்துக்கொடுத்த வெள்ளைத் துணியும்தான். ஏதாவது சொல்ல வேண்டுமானால் செல்போனில் எழுதிக் காட்டுவார். என்னிடம் அதுவும் வேண்டாம், தட்டைத் தட்டினாலே எனக்குப் புரிந்துவிடும்.

அப்படிப்பட்ட மனுஷன் குரல் மெத்தை விற்கிறது. தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு நேரே ஜெகதீசன் சவுண்ட் சர்வீஸுக்குப் போனேன். அவன் எங்களுக்கு அந்நியன் இல்லை. என் புருஷனை அண்ணன் என்று கூப்பிடுகிறவன், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவன்.

“இன்னாடா ஜெகதீசு, அண்ணன் எப்போ வந்து உனக்கு மெத்தை வித்துக் குடுத்தாரு?”

அவன் நெளிந்துகொண்டே சிரித்தான். “கோச்சிக்காதீங்கண்ணி. அண்ணனோட பழைய ரெக்கார்டிங்கு எல்லாம் நம்மகிட்டதான இருந்துச்சி? போன்ல போடற ஆப்பு ஒண்ணு வந்திருக்கு. அதுல எல்லாத்தையும் போட்டேன். கத்துக்கினுது. இப்ப நாலு வார்த்தை அடிச்சா போதும், மிச்சத்த அதுவே அண்ணன் மாதிரி ரொப்பிப் பேசிடுது. கேக்கறீங்களா?”

“வேணாம்.”

“விக்கிரவாண்டிலேர்ந்து, வானூர்லேர்ந்துகூடக் கேக்கறாங்கண்ணி. அண்ணன் குரலு ஊரு சொத்து. அது அவரோட போயிடக் கூடாது இல்ல?”

“போயிடறதுக்கு அவரு இன்னும் சாவலடா! உசுரோட வூட்ல உக்காந்துகினு இருக்காரு. ஒரு வார்த்தை கேட்டியா?”

அவன் செல்போனை எடுத்து நீட்டினான். “அண்ணனுக்கும் போட்டுத் தர்றேன். அவரு டைப் பண்ணா, உங்ககிட்ட அவரு குரல்லயே பேசலாம்.”

“எங்கிட்ட அவரு பேசறது இன்னாத்துக்கு உன் போன் வழியா வரணும்?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

மறுநாள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். இளவரசி என்று ஒரு வக்கீல், என்னிடம் ரவிக்கை தைத்துக்கொள்கிறவள், விழுப்புரம் கோர்ட்டில் இருக்கிறாள். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அக்கா, ரெக்கார்ட் பண்ணது ஜெகதீசன் கடையில. அதனால அந்தப் பதிவு தன்னுதுன்னு அவரு சொல்லுவாரு. பாடறவங்க, நடிக்கறவங்கன்னா குரலுக்கு உரிமை கேட்டு வழக்கு போடறாங்க. சாவுச் சேதி சொல்றவருக்கும் அது உண்டுன்னு நாமும் வாதாடிப் பாக்கலாம். ஆனா நாளாகும்.”

“மிஷினுக்குன்னு தனியாச் சட்டம் இல்லியா?”

“அதைத்தான் டெல்லியில பேசிக்கினு இருக்காங்க. மிஷினு கத்துக்கறதுக்கு எதை வேணா எடுத்துக்கட்டும், அப்பறமாப் பங்கு குடுக்கட்டும்னு ஒரு யோசனை. இல்ல, கேட்டுட்டுதான் எடுக்கணும்னு எழுதறவங்க, பாடறவங்க எல்லாம் சொல்றாங்க. ரொம்பக் கெடுபிடி பண்ணா நம்மள மாதிரி இல்லாதப்பட்ட நாடு பின்தங்கிடும்னு சொல்றவங்களும் இருக்காங்க.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “நாடு முன்னுக்கு வர்றதுக்கு எங்க வூட்டுக்காரரு தொண்டைதான் கெடைச்சுதா?”

இளவரசி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரிக்கா. உங்களுக்கு இன்னா வேணும்? நிறுத்தணுமா, பங்கு வேணுமா? ஒரே வரியில சொல்லுங்க” என்றாள்.

நான் பேசினேன். டீ ஆறும்வரை பேசினேன். கடைசியில் அவள், “இதெல்லாம் வெறும் திட்டுதான்க்கா. கேக்கறது இன்னான்னு நீங்க இன்னும் சொல்லல” என்றாள். பஸ்ஸில் டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் வந்து இறங்கும்வரைக்கும் எனக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

கிடைப்பதற்குள் மண்ணாங்கட்டி செத்துப்போனார்.

அதே வாரம், காலைச் சமையல் நேரம். மறுபடியும் ஆட்டோ வந்தது. இந்த முறை மெத்தை இல்லை.

“ஒலக்கூர், மறைந்த கெங்கம்மாளின் கணவரும், வானூரில் மேஸ்திரி வேலை செய்யும் சீனுவாசனின் தகப்பனாருமாகிய மண்ணாங்கட்டி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரது இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்குப் புறப்படும். சொல்வது சூசைமுத்து.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டதும் என் புருஷன் நாற்காலியை விட்டு எழுந்தார். செல்போனை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘நான் போய்ப் பார்க்கவில்லை.’

“நீங்க எங்க போய்ப் பாக்கறது? அது மிஷினு” என்றேன்.

அவர் அதே வரியைத் திரும்பவும் காட்டினார்.

மத்தியானத்துக்குள் என் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்ததுமே வசவு. “உம் புருஷனுக்கு இன்னா வந்துச்சி? உசுரோட இருக்கறவர சாவடிச்சிட்டாரு! மவன் வானூர்லேர்ந்து வண்டியில அழுதுகினே வந்திருக்கான், வழியில வுழுந்து கிழுந்து தொலைஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?” அடுத்தது ஒரு பொம்பளை. “சூசைமுத்து சொன்னாருன்னு நம்பித்தான மாலை வாங்கினு போனோம். குடிக்கறாரா இப்போ?” என்று கேட்டாள். நான் கத்தினேன், அது அவர் இல்லை, மிஷின் என்று. “அவரு குரலு எங்களுக்குத் தெரியாதா?” என்றாள். அவருக்குக் குரல் போனது சுற்று ஊர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் மேல் பொய் சொன்னான் என்று பழி வருகிறது, இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. இதைவிட ஒரு கொடுமை உண்டா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெகதீசன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. “அண்ணே, பேஜாராயிடுச்சிண்ணே. ஒலக்கூர்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சி, மண்ணாங்கட்டி செத்துட்டாரு, நாலு மணிக்கு எடுக்கறோம்னு. அதை மட்டுந்தான் நான் அடிச்சேன். பொண்டாட்டி பேரு, புள்ள பேரு எல்லாம் அதுவே போட்டுச்சி. பரவால்லியே, குடும்பத்தையே தெரிஞ்சி வச்சிருக்குதேன்னு நானும் அனுப்பிட்டேன்.”

என் புருஷன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எழுதினார்: ‘கெங்கம்மாள் சாவுக்கு நான் சொன்னது. அதிலிருந்து எடுத்திருக்கிறது.’

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளைகள் தக்காமல் போனால் அடுத்ததாகப் பிறக்கிற பிள்ளைக்கு மண்ணாங்கட்டி என்று பேர் வைப்பார்கள். எமன் இதெல்லாம் ஒரு உருப்படியா என்று விட்டுவிட்டுப் போய்விடுவானாம். அதனால் ஊருக்கு ஒன்று இரண்டு மண்ணாங்கட்டி எப்போதும் உண்டு. எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்காமல் மண்ணாங்கட்டிக்குச் சாவு சொல்லவே கூடாது. இவர் கேட்பார். மிஷின் யாரைக் கேட்கும்? தனக்குத் தெரிந்த மண்ணாங்கட்டியைச் சாகடித்துவிட்டது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் ஏறினேன். ஜெகதீசன் ஓட்டினான்.

ஒலக்கூர் மேட்டுத் தெருவில் செத்துப்போன மண்ணாங்கட்டி பிடுங்கி வந்த மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கட்டிலின் மேல் மாலைகள் குவிந்திருந்தன. என் புருஷன் இறங்கிப் போய் அவர் முன்னால் கைகூப்பி நின்றார்.

“வாய்யா சூசைமுத்து! எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. எத்தினி பேருக்கு இது கெடைக்கும்? எம் மச்சான் இருக்கான் பாரு, பத்து வருசமா பேசாதவன், தெருமுனையிலேர்ந்தே அழுதுகினு வந்தான். நான் எழுந்து வாடான்னதும் மயக்கம் போட்டுட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் மகன் சீனுவாசன் சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஏரிக்கரைத் தெருப் பக்கமிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக வந்தாள். அவள்தான் ரோஜா, காலையில் போன் செய்தவள். நேராக என் புருஷனிடம் வந்தாள்.

“எங்கப்பா காலையில செத்தாருங்க. கெடக்கறாரு. ஒருத்தரும் வரல. மண்ணாங்கட்டி சாவல, பொய்ச் சேதி, யாரும் போவாதீங்கன்னு ஊரெல்லாம் போன் போட்டுட்டாங்க. எங்க அத்தை வூட்டுக்கு போன் பண்ணாகூட நம்ப மாட்டேன்றாங்க. கோடித் துணி எடுத்துகினு வர வேண்டியவங்களே வரல. எல்லாரு சாவுக்கும் நீங்கதான சொன்னீங்க? எங்கப்பாவுக்கு மட்டும் இன்னாத்துக்குங்க சொல்லாம வுட்டீங்க?”

என் புருஷன் அவளை முன்னே நடக்கச் சொல்லிக் கை காட்டினார். ஜெகதீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏரிக்கரைத் தெருவுக்குப் போனோம். வாசலில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். என் புருஷன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முகத்தைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். ரோஜாவின் எதிரே உட்கார்ந்தார். செல்போனில் எழுதிக் காட்டினார்: ‘யார் மகன்?’ அவள் சொன்னாள். ‘பெண் எடுத்த ஊர்?’ சொன்னாள். ஒவ்வொன்றாக, பழைய முறைப்படி. ஒரு விரலால் எழுதுவதால் நேரமாயிற்று. ஆனால் அவள் அழுகை அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல அடங்கிவந்தது.

“காலையில மிஷினு பேசுனதுதாம்மா தப்பாப் போச்சி. அண்ணே, நான் வேணா என் குரல்லயே சொல்லிடறேன்” என்றான் ஜெகதீசன்.

“உன்ன யாரு நம்புவா?” என்றாள் ரோஜா. என் புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்க குரல்லயே போடலாங்களா? அது சொன்னாதான் வருவாங்க.”

எனக்குத் தாங்கவில்லை. “அந்தக் குரல் இப்பதானம்மா பொய் சொல்லிச்சி! மைக்கைக் குடுங்க, நான் கத்தறேன். என் தொண்டையை எவனும் எடுத்துக்கினு போவல!”

அவர் என் கையைப் பிடித்தார். எழுதினார். ‘லூர்து, நீ யாரையும் கேட்காமல் விழுப்புரம் போனாய். அவனும் கேட்காமல் மெஷினில் போட்டான். இந்தப் பெண்தான் என்னைக் கேட்கிறாள்.’

மைக்குக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஜெகதீசன் போனை அவர் கையில் கொடுத்தான். அது தானாக எதையும் ரொப்பாதபடி நிறுத்தச் சொன்னார். அவன் நிறுத்தினான். அவரே கடைசி எழுத்துவரை எழுதினார். முடிவில் எப்போதும் வருகிற இரண்டு வார்த்தையை எழுதி, பார்த்து, அழித்தார். வேறு எழுதினார். போட்டுக் கேட்டோம்.

“ஒலக்கூர் ஏரிக்கரைத் தெரு, காத்தவராயன் மகன் மண்ணாங்கட்டி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். மேட்டுத் தெரு மண்ணாங்கட்டி அவர்கள் நலமாக இருக்கிறார். காலையில் சொன்ன சேதி தவறு. ஏரிக்கரைத் தெரு மண்ணாங்கட்டி அவர்களின் இறுதி ஊர்வலம் மாலை ஆறு மணிக்குப் புறப்படும். இது மெஷின் பேசுகிறது. முகம் பார்த்து, வீட்டாரைக் கேட்டு, எழுதிக் கொடுத்தது சூசைமுத்து.”

மிஷின் பேசுவதை நான் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். அது அவர் குரல்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

ஆட்டோவின் முன்பக்கம், ஜெகதீசனுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிறபடி அவர் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ஊர் முனையிலும் வண்டியை நிறுத்தினோம். ஜனங்கள் கிட்ட வந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள், கழுத்துத் துணியைப் பார்த்தார்கள். “நெஜமா சூசைமுத்து?” என்று கேட்டார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். வேறு எதுவும் தேவைப்படவில்லை. பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

சாயங்காலம் ஏரிக்கரைத் தெருவில் நிற்க இடமில்லை. ரோஜாவின் அத்தை கோடித் துணியோடு வந்து வாசலிலேயே விழுந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மேட்டுத் தெருப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் உயிரோடிருக்கும் மண்ணாங்கட்டி. இரண்டு தோளிலும், கையிலும், காலையில் அவருக்கு வந்த மாலைகள் அத்தனையும். அவர் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே வந்தார்கள். ஒவ்வொரு மாலையாக எடுத்துச் செத்தவருக்குப் போட்டார். “எம் பேருக்கு வந்துதுப்பா. உனக்குத்தான்” என்றார்.

ஜெகதீசன் என்னிடம் வந்து, “அண்ணி, அந்த ஆப்பை அழிச்சிடவா? இல்ல, வச்சிக்கவா? நீங்க எது சொன்னாலும் சரி” என்றான். அப்போதுதான் எனக்கு அந்த ஒரு வரி வந்தது.

“எங்கிட்ட இன்னாத்துக்கு கேக்கற? அவரக் கேளு” என்றேன். இளவரசிக்கும் அதையே போனில் சொன்னேன். டெல்லிக்காரர்களுக்கும் அதையே சொல்லச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

ஜெகதீசன் போய் அவரைக் கேட்டான். மெத்தைக்குக் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். சாவுக்கு, தான் போய்ப் பார்த்த வீட்டுக்கு மட்டும்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது மேட்டுத் தெரு மண்ணாங்கட்டி வந்து என் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“சூசைமுத்து, எனக்கு நெஜமா வரும்போது நீயே வந்து பாத்துட்டுச் சொல்லுய்யா. மிஷினு பேசட்டும், பரவால்ல. நீ வந்து பாரு.”

என் புருஷன் நெஞ்சில் கை வைத்தார். பிறகு செல்போனை எடுத்து, ஒரு விரலால் மெதுவாக எழுதி, அவரிடம் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன்.

“எந்தத் தெரு மண்ணாங்கட்டி?”

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மேட்டுத் தெருன்னு போடுய்யா” என்றார்.